கடைவது வேறு, அரைப்பது வேறு

போன வருடம் ஐப்பசியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் பாதிக்கப்பட்டன. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சும் ஓரளவு வந்தது. விழுங்குவது மட்டும் சரியாகவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "சார், அம்மாவுக்குக் குடுக்கிறதுல கட்டியும் இருக்கக் கூடாது, தண்ணியாவும் இருக்கக் கூடாது. ஸ்பூனைச் சாய்ச்சா மெதுவா வழியணும். நேரா உட்கார வச்சுக் குடுங்க. சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க விடாதீங்க."

கட்டி தொண்டையில் அடைக்கும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் அதைவிட ஆபத்து என்பது அன்றுதான் தெரிந்தது. மெல்லிய நீர் தொண்டை மூடிக்கொள்வதற்கு முன்பே ஓடி மூச்சுக்குழலுக்குள் போய்விடுமாம். அப்படிப் போனால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடுமாம்.

அதுவரை சமையலறையில் எனக்குத் தெரிந்த வேலை காப்பி போடுவது ஒன்றுதான். மகள் பாரீசில் இருக்கிறாள். இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நானும் மிக்ஸியும். ஒரு ஆளுக்கு வேண்டிய கால் படி உணவைப் பெரிய ஜாரில் போட்டால் பிளேடுக்கு எட்டாது, சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். ஆறவைத்து அரைத்து மறுபடி சூடு பண்ணினால் ருசி போயிற்று. எப்படியோ அரைத்து எடுத்துப் போவேன். சாம்பார் சாதமும் ஒரே விழுது, கீரை சாதமும் ஒரே விழுது. மூன்றாம் நாள் கீரையை அவள் வாயில் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள். என்ன என்று கேட்டேன். வெகு நேரம் முயன்று ஒரு வார்த்தை சொன்னாள்: "அரைச்சிட்டீங்க."

நாற்பத்தாறு வருடமாக அவள் கீரையைச் சட்டியில் போட்டு மத்தால் கடைந்துதான் எனக்குப் போட்டிருக்கிறாள். கடைந்த கீரையும் அரைத்த கீரையும் ஒன்றல்ல என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சாப்பிட்டவன் நான், கடைந்தவள் அவள்.

நண்பர் ஒருவர் ஹேண்ட் பிளெண்டர் வாங்கச் சொன்னார். நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் வாட் கணக்கை மட்டும் அடுக்கினான். நானூறு வாட், அறுநூறு வாட், எண்ணூறு வாட். பெரிய எண் நல்லது என்று நினைத்து அறுநூறை வாங்கிவந்தேன். சூப்புக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் அதே கருவியால் தேங்காய்ச் சட்னி அரைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தினேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது, நின்றுவிட்டது. கம்பெனியின் பேரைச் சொல்லவில்லை. தப்பு அவர்கள் மீது இல்லை, என் மீதுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த சீட்டில் அச்சடித்திருந்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் காகிதத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை.

குமாஸ்தாவுக்கு ஒரு பாடம் உண்டு. பழைய கோப்பைப் பார்க்காமல் புதுக் குறிப்பு எழுதக் கூடாது. இரண்டாவது கருவி வாங்குவதற்கு முன் இந்தப் பொருளின் பழைய கோப்பைத் தேடிப் படித்தேன். நான் சின்ன வயதில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தப் பாஷை இத்தனை வருடம் கழித்து சமையலறையில் உதவும் என்று நினைக்கவில்லை.

பிரெஞ்சில் இதற்கு மிக்ஸேர் ப்ளோன்ழான் என்று பெயர். முங்கும் மிக்ஸி, முக்குளிக்கும் மிக்ஸி என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயரைவிட இது பொருளைச் சரியாகச் சொல்கிறது. உணவு கருவிக்குள் போவதில்லை, கருவி உணவுக்குள் முங்குகிறது. இது ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் கோப்பு முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதலில் வந்தது ஜாருக்கு அடியில் பிளேடு வைத்த மிக்ஸி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். இந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களை மனப்பாடம் செய்யவைத்து வாட்டியெடுத்த நாடகாசிரியர் ரசீன் நினைவுக்கு வந்தார். ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே ஓடும் ஆற்றுக்கு வேர் என்று பெயர், வேருக்குப் பிரெஞ்சில் ரசீன். அந்த ஊரில்தான் நம் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த ஹார்லிக்ஸ் பிறந்தது. ஹார்லிக் சகோதரர்களின் மால்ட் பால் பவுடர்த் தொழிற்சாலை அங்கே இருந்தது. அந்தப் பவுடரைப் பாலில் கட்டியில்லாமல் கலக்கிக் கொடுக்கும் சோடாக் கடைகளுக்காக, போலந்திலிருந்து குடியேறிய ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தி வைத்து 1922ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். ஹார்லிக்ஸ் கட்டி தட்டக் கூடாது என்ற கவலைதான் மிக்ஸிக்குத் தாய் என்று சொன்னால் அதிகம் தப்பில்லை.

அதே ஊரில் இருந்த ஹாமில்டன் பீச் கம்பெனியைச் சேர்ந்த ஃபிரெட் ஓசியஸ் இதைத் திருத்தினார். ஃபிரெட் வேரிங் என்ற பிரபல வாத்தியக் குழுத் தலைவர் அதற்குப் பணம் போட்டார். 1937ல் சிகாகோ ஓட்டல்காரர் கண்காட்சியில் 29 டாலர் 75 செண்டுக்கு விற்பனைக்கு வந்தது. மதுக்கடையில் பானம் கலக்கவும் ஐஸ் நொறுக்கவும் அது போயிற்று. போலியோ தடுப்பு மருந்து ஆராய்ச்சியில் ஜோனாஸ் சால்க்கின் ஆய்வுக்கூடத்திலும் அந்த மிக்ஸி வேலை செய்திருக்கிறது. எல்லாம் சரி. இந்த வம்சத்தில் உணவைக் கொண்டுபோய் ஜாரில் கொட்ட வேண்டும். பானத்துக்கு அது பொருந்தும், அடுப்பில் கொதிக்கும் குழம்புக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவின் கவலை வேறு. அங்கே ராத்திரிச் சாப்பாடு என்றால் பல வீடுகளில் சூப்புதான். காய்கறி வேகவைத்து மசித்த பொத்தாஜ். கூட உருளைக்கிழங்கு மசியல். இவற்றை மரக்கட்டையால் சல்லடையில் தேய்த்து மசிப்பது கை ஒடியும் வேலை. ழான் மாந்த்லே என்பவருக்கு அவர் மனைவி ஒரு நாள் கட்டி கட்டியாக இருந்த உருளைக்கிழங்கு மசியலைப் பரிமாறினாராம். அதிலிருந்துதான் யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். (பிரெஞ்சு எழுத்து ஜெ-யின் ஒலியைப் புதுச்சேரிக்காரர்கள் ழ போட்டு எழுதுவோம். வெளியூர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) 1932ல் அவர் கைப்பிடி சுற்றும் காய்கறி ஆலை ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டை போட்ட தகட்டின் மேல் சாய்ந்த இன்னொரு தகடு சுற்றும். வெந்த கிழங்கு ஓட்டை வழியே நூல் நூலாக இறங்கும், தோலும் நாரும் மேலே தங்கும். பெயர் முலேன் லெகும். லியோன் சந்தையில் 36 பிராங்குக்கு வைத்தார், போணியாகவில்லை. பாரீஸ் சந்தையில் 20 பிராங்குக்கு இறக்கினார், வாங்கிக் குவித்தார்கள். இதேபோல ஒரு கருவிக்கு பெல்ஜியத்தில் விக்தோர் சிமோன் என்பவர் அதற்கு முன்பே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்த ஆலை எங்கள் குடும்பத்திலும் ஒன்று உண்டு. என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு ரேடியோ, இரண்டு கம்பளிக் கோட்டு, இந்தக் காய்கறி ஆலை. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இடியாப்பம் பிழியும் கருவி என்று நினைத்துவிட்டார். பெரியப்பா தாமே உட்கார்ந்து உருளைக்கிழங்கைச் சுற்றி வெண்ணெய் போட்டுக் கிளறி எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். ஆண்பிள்ளை சமைத்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மாந்த்லே பிறகு நார்மண்டியில் அலான்சோன் என்ற ஊருக்குத் தொழிற்சாலையை மாற்றினார். 1956ல் மின்சாரக் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி வந்தது. அடுத்த வருடம் கம்பெனிக்கு முலினெக்ஸ் என்ற பெயர். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் செய்த விளம்பரம் பிரெஞ்சு படித்த எல்லோருக்கும் தெரியும்: முலினெக்ஸ் பெண்ணை விடுதலை செய்கிறது. எனக்கு அப்போது அது மிக முற்போக்கான வாக்கியமாகப் பட்டது. இப்போது யோசித்தால், மசிப்பது அவள் வேலைதான் என்பதை அந்த வாக்கியம் கேள்வி கேட்கவே இல்லை. கை வலிக்காமல் செய் என்கிறது, அவ்வளவுதான். மாந்த்லே 1991ல் காலமானார். பத்து வருடத்தில் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. பெயரை இன்னொரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கடையில் இன்று அந்தப் பெயரைப் பார்த்து ஏதோ பழைய சிநேகிதன் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி நம் கருவிக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியைச் சேர்ந்த ரொழே பெரன்ழக்கே என்பவர் 1950 மார்ச்சில் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார். மனுவில் எழுதிய பெயர் மிகச் சாதாரணமானது: கையில் எடுத்துப்போகக்கூடிய வீட்டுச் சாதனம். கையில் பிடிக்கும் உருளைக்குள் மோட்டார், அதிலிருந்து நீளும் தண்டு, தண்டின் நுனியில் சின்னப் பிளேடு, பிளேடைச் சுற்றி மணி போலக் கவிந்த காப்பு. அவ்வளவுதான். ஜாரை எடுத்துவிட்டார். சட்டிதான் ஜார். அடிப்பது என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் கலப்பது என்பதற்கான சொல்லையும் ஒட்டவைத்து பாமிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1954ல் ஈ.எஸ்.ஜி.ஈ. என்ற ஜெர்மன் கம்பெனி உரிமையை வாங்கி ஹனோவர் கண்காட்சியில் வைத்தது. இன்றும் சுவிட்சர்லாந்தில் துர்காவ் பகுதியில் மெட்லன் என்ற கிராமத்தில் அதே பெயரில் செய்கிறார்கள். புதுச்சேரி இந்தியாவுடன் சேர்ந்த வருடமும் 1954 என்பதால் இந்தத் தேதி எனக்கு மறக்காது.

அந்த மணிக் காப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. திறந்து வைத்தால் குழம்பு சுவரில் இருக்கும். மணி அதைத் தடுக்கிறது. அதோடு, சுழலும் பிளேடு குழம்பை இழுத்துப் பக்கவாட்டு ஓட்டைகள் வழியே தள்ளுகிறது. ஆக, கருவி ஓர் இடத்தில் நின்றாலும் சட்டியில் உள்ளது தானே சுற்றி வந்து மாட்டிக்கொள்கிறது. ஆனால் சுற்றி வர அதற்கு நீர் வேண்டும். நீரில்லாத பொருள் சுற்றாது, பிளேடைச் சுற்றி வெற்றிடமாகிவிடும், மோட்டார் வீணாகச் சூடேறும். என் தேங்காய்ச் சட்னி எரிந்ததன் காரணம் 1950ஆம் வருட வடிவத்திலேயே இருந்தது.

ஸ்பெயினில் இதற்கு இன்னொரு கிளை. பார்சலோனாவில் பிமெர் என்ற கம்பெனியில் கப்ரியேல் லியுவேயஸ் என்ற வடிவமைப்பாளர் 1959ல் மினிபிமெர் என்ற கைக்கருவியை உருவாக்கினார். 1962ல் ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி பிமெரில் பங்கு வாங்கி உள்ளே வந்தது. ஆனால் பெயர் அழியவில்லை. ஸ்பெயினில் எந்தக் கம்பெனிக் கருவியானாலும் மினிபிமெர் என்றே கேட்பவர்கள் உண்டு, நாம் எல்லாப் பிரதியையும் ஜெராக்ஸ் என்பதுபோல. அவர்களுக்கு வேண்டியது மயோனெஸ். முட்டையும் எண்ணெயும் ஒரு நீளமான டம்ளரில், கருவி அடியில், அரை நிமிடத்தில் கெட்டியாகிவிடும்.

ஆக பானத்துக்கு ஜார், பொத்தாஜுக்கும் மயோனெசுக்கும் முங்கும் கருவி. ஒவ்வொரு இயந்திரமும் ஏதோ ஒரு ஊர்ச் சமையலுக்காகப் பிறந்தது. அதை வேறு ஊர்ச் சமையலில் கொண்டுபோய் மாட்டினால் எரியும். நம் மிக்ஸியின் கதையே அதுதான். பம்பாயில் சத்யப் பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனது. அவர் தடித்த மோட்டார் போட்டு, எஃகு ஜார் வைத்து, மஞ்சளும் உளுந்தும் தாங்கும் ஒன்றைத் தாமே செய்தார். 1963ல் தொடங்கிய அந்த மிக்ஸிதான் சுமீத். அதற்கு முன்பே 1955 வாக்கில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டியிருந்தார். எங்கள் வீட்டுக்கு சுமீத் வந்தது 1983ல், என் முதல் பதவி உயர்வு நிலுவைத் தொகையில். அன்று என் மனைவி அம்மியைப் பின்கட்டுக்குத் தள்ளினாள். ஆனால் மத்தைத் தள்ளவில்லை. அது சுவர் ஆணியிலேயே தொங்கியது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

கோப்பை மூடும்போதுதான் எனக்கு அது விளங்கியது. நம் பாஷையில் இடிப்பது, அரைப்பது, ஆட்டுவது, துவைப்பது, மசிப்பது, கடைவது என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி இருந்தது. உரலும் உலக்கையும் இடிக்க, அம்மி அரைக்க, ஆட்டுக்கல் ஆட்ட, மத்து கடைய. மிக்ஸி அம்மியின் இடத்துக்கு வந்தது. கிரைண்டர் ஆட்டுக்கல்லின் இடத்துக்கு வந்தது. மத்தின் இடத்துக்கு எங்கள் வீட்டில் ஒன்றும் வரவில்லை. சட்டிக்குள் தண்டை முங்கவிட்டுச் சுழற்றுவது என்றால் மத்துதான். பெரன்ழக்கே மத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நம் வீட்டில் அவர் கருவி போய் நிற்க வேண்டிய இடம் மத்துக்குப் பக்கத்தில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இல்லை. நான் அதை மிக்ஸி என்று நினைத்து வாங்கினேன், மிக்ஸி என்று நினைத்தே எரித்தேன்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கடையில் தேர்ந்தெடுப்பது சுலபம். வாட் என்பது அது இழுக்கும் மின்சாரம். பிளேடில் வரும் வேலைக்கு அது நேர் அளவு அல்ல. நல்ல மோட்டாரும் நல்ல பிளேடும் இருந்தால் இருநூறு வாட்டே வெந்த காய்க்கும் பருப்புக்கும் தாராளம். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் படியுங்கள், அதுதான் அதன் உண்மையான சாதகம். தண்டு எஃகாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்டு கொதிக்கும் சாம்பாரில் நாளடைவில் வளையும், மஞ்சள் ஏறினால் போகவே போகாது. தண்டைக் கழற்றிக் கழுவும் வசதி நல்லதுதான், ஆனால் கழற்றும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்தால் மேலே மோட்டார் சுற்றும், கீழே பிளேடு நிற்கும். வாங்கும்போதே உதிரி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். மணியின் விளிம்பில் ஓட்டையோ வெட்டோ இல்லாவிட்டால் சட்டியின் அடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். நான்-ஸ்டிக் சட்டியில் விட வேண்டாம், பூச்சு கீறிவிடும்.

நம் வயசுக்காரர்களுக்கு முக்கியமானது சுவிட்ச். பெரும்பாலானவை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் முட்டிவாதம் உள்ள விரலுக்குச் சின்னப் பொத்தான் ஒரு தண்டனை. கடையில் பிளக் போடாமலே கையில் பிடித்து ஒரு நிமிடம் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். கையை உயர்த்திப் பிடிக்கும்போது ஒரு கிலோ எடை இரண்டு கிலோவாகத் தெரியும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுப்பது எங்கள் ஊரில் சகஜம். அங்கேயும் 230 வோல்ட், 50 சைக்கிள் என்பதால் இங்கே தாராளமாக ஓடும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், நேரே மாட்டினால் கதை முடிந்தது. பிரெஞ்சுப் பிளக்கின் மெல்லிய முள் நம் சாக்கெட்டில் சில சமயம் தளர்ந்து பொறி தட்டும். ஒரு நல்ல அடாப்டர் போட்டுவிடுவது உத்தமம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளேடில் நார் சுற்றிக்கொண்டால் விரல் விட்டு எடுக்கத் தோன்றும். பிளக்கைப் பிடுங்காமல் விரல் வைக்கவே கூடாது. கையில் சுவிட்ச், அதே கருவியின் நுனியில் பிளேடு. ஒரு கை தெரியாமல் அழுத்தினால் இன்னொரு கையின் விரல் போய்விடும். ஓட்டும்போதும் முதலில் மணி முழுவதும் முங்க வேண்டும், பிறகுதான் பொத்தான். நிறுத்திய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். கழுவுவதற்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு அதிலேயே ஓட்டினால் போதும். மோட்டார் பகுதியில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

நான் கடைசியில் வாங்கியது நானூறு வாட், எஃகுத் தண்டு, அகலமான பொத்தான். முதல் வேலை பரங்கிக்காய் பொத்தாஜ். பரங்கிக்காய், ஒரு வெங்காயம், கொஞ்சம் உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு. வெந்ததும் அடுப்பை அணைத்துச் சட்டியிலேயே முங்கவிட்டேன். முக்கால் நிமிடம். பட்டுப்போல வந்தது, ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக வழிந்தது. (பரங்கி என்ற சொல்லே ஃபிராங்க் என்பதிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரனுக்கும் அந்தக் காய்க்கும் பெயரில் உறவு.) அவள் ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். இருமல் இல்லை. அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. அந்த மாதங்களில் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

உற்சாகத்தில் அடுத்த நாள் வெறும் உருளைக்கிழங்கை முங்கவிட்டேன். கோந்தாகிவிட்டது. போஸ்டர் ஒட்டலாம். வெந்த கிழங்கின் அறைகளைப் பிளேடு கிழித்ததும் உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெளியே வந்து ஒட்டுகிறது. ஆலையில் சுற்றினால் அறைகள் கிழியாமல் பிரிகின்றன. தொண்டை சரியில்லாதவர்களுக்கு ஒட்டும் உணவு கட்டியைவிட மோசம் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் எச்சரித்தார். பெரியப்பா வீட்டுப் பரணில் அந்தக் காய்கறி ஆலை இன்னும் கிடந்தது. என் தம்பி முறை ஒருவர் இறக்கிக் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்து, துரு இருந்த பக்கத்துத் தகட்டை விட்டுவிட்டு நல்ல தகட்டைப் போட்டேன். அறுபது வருடம் ஆகியும் சுற்றுகிறது.

கீரைதான் கடைசியாக வசப்பட்டது. கருவியில் விட்டால் பச்சைக் களிம்பாகிறது, காற்று ஏறி நிறமும் வெளுக்கிறது. இரண்டு அழுத்து அழுத்தி நிறுத்தி, பிறகு கையால் முடிக்க வேண்டும். நார் இல்லாத இளங்கீரையாகத் தேர்ந்தெடுத்து, பருப்போடு குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு, இரண்டே அழுத்து. பிறகு ஆணியிலிருந்து மத்தை எடுத்தேன். எனக்குக் கடையத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தண்டு வழுக்கியது. அவள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையைத் தூக்கி, மெதுவாக, என்று சைகை காட்டினாள். சட்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு சைகை. அரைமணி நேரம் ஆயிற்று.

ஊட்டியதும் முகத்தைத் திருப்பவில்லை. விழுங்கிவிட்டு, "உப்பு" என்றாள். ஒரு சிட்டிகை போட்டுக் கலந்தேன்.